களியா, சங்கடியா... கட்டியா?

இந்த வாரப் பத்தியை இடது கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

வலது உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். ஒன்று உடைந்துவிட்டது. இன்னொன்று உடையலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. அதனால் எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் கண்டுகொள்ளாதீர்கள். ஒற்று விட்டுப்போனால்கூட நீண்ட மெயில் அனுப்பும் அந்த நாலைந்து பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்... இந்த ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.

கொப்புளம் எப்படி வந்தது? கிரிக்கெட்டா? தோட்ட வேலையா? என் உடம்பைப் பார்த்தவர்கள் அப்படியெல்லாம் கேட்கமாட்டார்கள். ஒரு சொல்லுக்கு வேர் தேடப் போனேன் – அவ்வளவுதான். அகராதியைப் புரட்டி யாருக்காவது கொப்புளம் வந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எனக்கு வந்தது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் ரெஜினா வீட்டுக்கு வந்தாள். ரெஜினா என் மனைவி லில்லியின் தங்கை. இதே சித்தூரில் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள்.

"மாமா, ஒரு வார்த்தை கேக்கணும்."

என்னிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டு, நான் ஒரு வார்த்தையில் பதில் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. உள்ளேயிருந்து லில்லி குரல் கொடுத்தாள். "ஏன்டி, அவர்கிட்ட போய் வார்த்தை கேக்கறே? மத்தியானம் ஆயிடும்டி!"

ரெஜினாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு நர்சிங் காலேஜ் ஹாஸ்டலில் பதினோரு வருஷம் சமையல் செய்தவள். மூன்று வேளையும், நூற்றைம்பது பிள்ளைகளுக்கு. நாலு மாதத்துக்கு முன்னால் ஹாஸ்டல் சாப்பாட்டை யாரோ ஒரு காண்ட்ராக்டரிடம் விட்டுவிட்டார்கள். காண்ட்ராக்டர் தன் ஆட்களோடு வந்தார். ரெஜினா தன் கரண்டியோடு வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து அவள் வீட்டில் பாத்திரங்கள் பளபளக்கின்றன. ஒரே குக்கரை ஒரு நாளைக்கு இரண்டு முறை தேய்க்கிறாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இன்னும் கொஞ்ச நாள் இப்படியே உக்காந்துக்கினு இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும் மாமா," என்று லில்லி இல்லாத நேரமாகப் பார்த்து என்னிடம் ஒருநாள் சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

இப்போது ஒரு வழி திறந்திருந்தது. வடமாலபேட்டை பக்கம், திருப்பதி–சென்னை ரோட்டில், முனிரத்னம் என்பவர் ஒரு ஓட்டல் நடத்துகிறார். வெதுருகுப்பத்துக்காரர். தரிசனம் முடித்து மலை இறங்கி, ஊருக்குத் திரும்பும் வழியில் திடீரென்று நாட்டுக்கோழி ஞாபகம் வரும் சென்னைக்காரர்கள்தான் அவருக்கு வாடிக்கை. நாட்டுக்கோழிக்குத் துணையாகக் கேழ்வரகுக் களி போட அவருக்கு ஒரு ஆள் வேண்டும்.

"ஞாயித்துக்கெழம பன்னெண்டு மணிக்கு வீட்டுக்கே வந்து துன்னு பாக்கறேன்னு சொல்லிக்கிறாரு மாமா. 'ஓட்டல் அடுப்புல எல்லாரும் நல்லாத்தான் செய்வாங்க, வீட்டு அடுப்புலதான் கை தெரியும்'னாரு. எங்க வீட்ல கேஸ்தான். உங்க பின்கட்டுல வெறகடுப்பு இருக்குதே, அங்க செஞ்சிக்கட்டுமா?"

"தாராளமா."

"அதில்லாம, ஓட்டலுக்குப் புது போர்டு வெக்கப்போறாராம். களின்னு போடறதா, சங்கடின்னு போடறதான்னு கேட்டாரு. எங்க மாமா பேப்பர்ல எழுதறவரு, கேட்டுச் சொல்றேன்னுட்டேன்."

அவ்வளவுதான். ஆளைக் கையில் பிடிக்க முடியுமா? எங்கள் மாமா பேப்பரில் எழுதுகிறவர்! அன்று மத்தியானம் நான் தூங்கவில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒரே பண்டம். தமிழில் களி. தெலுங்கில் சங்கடி. குப்பம் தாண்டி, கர்நாடகா எல்லையை ஒட்டினால் முத்தே. குடுபல்லியில் எனக்கு ஒரு வாசகர் இருக்கிறார். அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எங்க வீட்ல மூணும் சொல்வோம் சார். எங்கம்மா களிம்பாங்க, என் சம்சாரம் முத்தேம்பாங்க, ஸ்கூலுக்குப் போற புள்ளைங்க சங்கடிங்குதுங்க. தட்டுல ஒண்ணுதான் இருக்குது," என்றார்.

முத்தே என்றால் உருண்டை. தெலுங்கிலும் முத்த என்றால் கவளம், உருண்டை. தெலுங்குத் தாய்மார்கள் பிள்ளைக்கு நிலாவைக் காட்டி ஊட்டுவதும் இந்த 'முத்த'தான். கன்னடக்காரர்கள் பண்டத்துக்கு அதன் உருவத்தை வைத்தே பேர் வைத்துவிட்டார்கள். சிக்கலே இல்லாத ஜனங்கள்!

தமிழன் அப்படியா? குழைந்ததெல்லாம் நமக்குக் களி. களிமண்ணில் இருப்பதும் இந்தக் களிதான் என்கிறது அகராதி. உளுந்தில் களி, வெந்தயத்தில் களி, திருவாதிரைக்கு வெல்லம் போட்டு ஒரு களி. எல்லாம் போதாதென்று ஜெயிலிலும் கொண்டுபோய் வைத்தோம். "ஒழுங்கா இல்லேன்னா களிதான் திங்கணும்" என்று மிரட்டினால் யாராவது வெந்தயக் களியை நினைத்துக்கொள்வார்களா? முனிரத்னத்தின் குழப்பமே அதுதான் என்று எனக்குப் பட்டது. ஹைவேயில் "களி கிடைக்கும்" என்று போர்டு வைத்தால் தமிழ்நாட்டுக் கார்கள் வேகத்தைக் கூட்டிவிடாதா?

சரி, சங்கடி? அதற்கு வேர் கேட்டு ஒரு தெலுங்கு வாத்தியாரிடம் போனேன். நெருக்கமாக, கெட்டியாக இருப்பது என்று பொருள்படும் ஒரு சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்றார். "இருக்கலாம்" என்பதை மூன்று முறை சொன்னார். அதனால் நானும் சத்தியம் செய்யமாட்டேன்.

தானியத்தின் பேருக்குப் போனால் இன்னும் ருசி. கேழ்வரகில் இருக்கும் கேழ் என்பது பழைய தமிழில் நிறம். நிறமுள்ள வரகு. ராகி என்ற பேருக்கும் செந்நிறத்தைக் குறிக்கும் ஒரு வடசொல்லைத்தான் காட்டுகிறார்கள். அது சரியென்றால், இரண்டு மொழிக்காரர்களும் ஒரே தானியத்தைப் பார்த்து, "அட, என்ன கலர்!" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைக்காரனோ கதிரைப் பார்த்து, விரல் மாதிரி இருக்கிறதே என்று விரலின் பேரை வைத்துவிட்டான்.

இத்தனை பேர் உரிமை கொண்டாடும் இந்தத் தானியம் பிறந்த இடம் எது தெரியுமா? கிழக்கு ஆப்பிரிக்கா! அங்கே இன்றைக்கும் மாவைக் கிண்டி உருட்டி, குழம்பில் தொட்டு விழுங்குகிறார்கள். கென்யாவில் அதற்கு உகாலி என்று பேர். இத்தாலிக்காரர்கள் சோள மாவைக் கிண்டி பொலெண்டா என்கிறார்கள். பேரைக் கேட்டால் ஏதோ பெரிய இடத்துச் சமாசாரம் போலத் தெரியும். பார்த்தால்... நம்ம சோளக் களி!

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் இப்படி நாலு பக்கம் எழுதி முடித்திருந்தேன். லில்லியை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். இரண்டாவது பக்கத்தில் எழுந்து போய் அரிசியில் கல் பொறுக்கினாள். எங்கள் வீட்டு அரிசியில் கல் வந்து பல வருஷமாகிறது.

லில்லியின் கவலை வேறு. "மொத மொத நம்ம வீட்டுக்கு வர்ற மனுஷன். அவருக்குப் போய்க் களி போடறதா? யாராவது கேட்டா சிரிக்கமாட்டாங்களா?"

"அவர் வர்றதே அதுக்குத்தானே!"

"அதுக்கோசரம்? நான் சோறு வடிச்சி வெக்கறேன்."

இது லில்லியின் தப்பில்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. களி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தட்டு உள்ளே போய்விடும். குண்டானுக்கு மூடி விழும். வந்தவர் முன்னால் வெள்ளைச் சோறு வந்து உட்காரும். வந்தவரும் தன் வீட்டில் களியை மூடிவைத்துவிட்டு வந்தவராகத்தான் இருப்பார் – ஆனாலும் இரண்டு பேரும் தெரியாதது போலச் சோறு சாப்பிடுவார்கள். இன்றைக்கு சுகர் டாக்டர்கள் எல்லாரும் களி சாப்பிடச் சொல்கிறார்கள். ஸ்டார் ஓட்டல்காரர்கள் வெள்ளித் தட்டில் வைக்கிறார்கள். ஆனாலும் காலிங் பெல் அடித்தால் எங்கள் வீட்டுப் பெண்களின் கை தன்னால் மூடியைத் தேடும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் சர்ச்சில் எட்டு மணிக்குத் தமிழ் ஆராதனை, பத்து மணிக்குத் தெலுங்கு. ரெஜினா ஜெப விண்ணப்பச் சீட்டு எழுதிப் போட்டிருந்தாள். "ஒரு சகோதரியின் வேலை காரியமாக" என்று போதகர் வாசித்தார். பெண்கள் வரிசையில் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மனதார ஆமென் சொன்னேன். அந்தச் சகோதரியின் வேலைக்கு உலை வைக்கப்போகிற சகோதரன் நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பத்து மணிக்கே பின்கட்டில் அடுப்பு எரிந்தது. கோழிக் குழம்பு தயார். வேர்க்கடலைச் சட்னி தயார். பதினொன்றரைக்கு முன்னாலேயே களிக்கான அரிசி நொய் வெந்து குழைந்துவிட்டது. ரெஜினா அதிலிருந்து ஒரு சொம்பு கொதிதண்ணீரை எடுத்துத் தனியாக மூடிவைத்தாள். கேழ்வரகு மாவைக் குண்டானில் நொய்யின் மேல் மலை மாதிரி கொட்டினாள். நடுவில் களி கிண்டும் கோலால் ஒரே ஒரு ஓட்டை. மூடி போட்டாள். விறகை இழுத்துத் தீயைக் குறைத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. முனிரத்னம் கார் வழி தவறி, வேறொரு சர்ச் வாசலில் நின்றுகொண்டிருந்தது. சித்தூரில் "சர்ச் பக்கம்" என்று வழி சொன்னால் இப்படித்தான்.

"நான் போய்க் கூட்டிக்கினு வந்துடறேன். மாமா, மூடியைத் தொறக்காதீங்க. கோலைத் தொடாதீங்க. தீ ஏறாம மட்டும் பாத்துக்கினு இருங்க. இதோ வந்துட்டேன்."

மூன்றே கட்டளை. பத்துக் கட்டளைகளை மனப்பாடமாக ஒப்பிக்கும் குடும்பத்தில் பிறந்தவன் நான். மூன்றைக் காப்பாற்ற முடியாதா?

ஐந்து நிமிஷம் காப்பாற்றினேன்.

ஆறாவது நிமிஷம் மூடி லேசாக ஆடியது. ஆவி வந்தது. உள்ளே என்ன நடக்கிறதோ? அடிப்பிடித்துவிட்டால்? பாவம், அந்தப் பெண்ணின் வேலை அல்லவா? மூடியைத் திறந்தேன். மேலே மாவு காய்ந்த மாவாகவே உட்கார்ந்திருந்தது. எனக்குப் பகீரென்றது. வேகவே இல்லையே! என் சட்டையின் மேல் பையில் இருக்கும் நாலு பக்கத்தில் எத்தனை இடத்தில் "களி கிண்டுதல்" என்று எழுதியிருக்கிறேன்! களி என்றால் கிண்ட வேண்டாமா? களி மூடிவைத்தல் என்று எங்காவது யாராவது சொல்லியிருக்கிறார்களா?

கோலை எடுத்துக் கிண்டினேன்.

நாலு சுற்றில் இறுகியது. கோல் நகரவில்லை. பக்கத்து வாளியில் தண்ணீர் இருந்தது – பச்சைத் தண்ணீர். ஒரு சொம்பு ஊற்றினேன். சமையல் தெரிந்த வாசகிகள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். அடித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு உரிமை உண்டு.

லில்லி எட்டிப்பார்த்தாள். "அய்யய்யோ! இன்னா பண்ணி வெச்சிக்கிறீங்க?"

குண்டானுக்குள் நெல்லிக்காய் அளவில் இருபது முப்பது கட்டிகள் மிதந்தன. ஒன்றை நசுக்கினேன். உள்ளே பச்சை மாவு புகையாகப் பறந்தது.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம்.

"அந்தக் குண்டானைத் தூக்கி அப்பால வைங்க! சோறு இருக்குது, கோழிக் கொழம்பு இருக்குது, எலை போட்டுடறேன். களி பத்தி யாரும் வாயைத் தொறக்காதீங்க," என்று லில்லி மூடியைப் போட்டாள். கை தன்னால் போனது.

அதற்குள் இருவரும் பின்கட்டுக்கே வந்துவிட்டார்கள். முனிரத்னம் ஐம்பது வயதுக்காரர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் நாமம். ரெஜினா மூடியைப் பார்த்தாள். மூடி அவள் வைத்த மாதிரி இல்லை. திறந்தாள்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. குண்டானையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு மாதத்தில் வந்த ஒரே வாய்ப்பு. அதைக் கட்டி கட்டியாக மிதக்கவிட்டிருந்தேன். லில்லி பின்னாலிருந்து கண்ணால் ஜாடை காட்டினாள் – மூடு, சோறு போட்டுடலாம்.

ரெஜினா மூடவில்லை.

"சார், இது கட்டி தட்டிப்போச்சி. கிண்டினது எங்க மாமா. நான் செஞ்சது துன்னணும்னா இன்னும் முக்கால் மணி நேரம் ஆவும். இருப்பீங்களா?"

முனிரத்னம் குனிந்து ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தார். "உண்டலு," என்றார், கட்டிக்குத் தெலுங்கில். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "மூணு மாசமா எங்க ஓட்டல்ல இதேதானம்மா. அச்சு அசலா இதே உண்டலு. கஸ்டமர்ஸ் பாதி துன்னுட்டு எழுந்து போறாங்க."

ஒரு ஸ்டூலை இழுத்து அடுப்போரமாகவே உட்கார்ந்தார். "டைம் ப்ராப்ளம் இல்ல. நீங்க நல்லா செய்வீங்கன்னு ஹாஸ்டல் பக்கத்துல எல்லாரும் சொல்லிட்டாங்க. நான் கேக்க வந்ததே வேற. மத்தியானத்துக்கு எர்நூறு உருண்டை வேணும். நீங்க ஒருத்தரே கிண்டி கெலக முடியாது. என்கிட்ட இருக்கற ஆளுங்க கையெல்லாம்..." என் கையைக் காட்டினார். "இந்த சார் கை மாதிரிதான். அப்ப ஏமி சேஸ்தாரு? என்ன செய்வீங்க?"

ரெஜினா குண்டானைக் கழுவினாள். புதிதாக நொய்யைப் போட்டாள். அது வெந்து குழைந்ததும் ஒரு சொம்பு கொதிதண்ணீர் தனியாக. மாவு மலையாக. நடுவில் ஓட்டை. மூடி. எல்லாம் முதலிலிருந்து. அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, சட்டைக் கையை மடிச்சிக்கினு வாங்க."

"நானா?"

"நீங்கதான். இவர் கேட்டாரு இல்ல? அந்தக் கையே கிண்டட்டும்."

ஒருமுறை கெடுத்தது போதாதென்று இரண்டாவது முறையுமா? அவள் வேலை இப்போது என் மணிக்கட்டில் தொங்கியது.

"இன்னும் தொடாதீங்க... தொடாதீங்க மாமா. மாவு ஆவியிலதான் வேவணும்... இருங்க... இப்ப வாசனை மாறுது பாருங்க, பச்ச வாசனை போச்சா? இப்ப எறக்கலாம்."

இறக்கிவைத்ததும் குண்டானை அசையாமல் பிடிக்கத் துணி தேடினாள். துணி ஈரமாக இருந்தது. சட்டென்று என் மேல் பையில் கையை விட்டு நாலு பக்கத்தையும் எடுத்தாள். "இது வேணுமா மாமா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு – மடித்து விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கேழும் உகாலியும் பொலெண்டாவும் கரியாகிக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ம்... கிண்டுங்க. ஒரே பக்கமா. அடியிலேர்ந்து வாங்க. ஓரத்துல நசுக்குங்க. நிறுத்தாதீங்க!"

கிண்டினேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. "தண்ணி ஊத்தட்டுமா?" என்று நான்தான் கேட்டேன். "கைய வாளிப் பக்கம் கொண்டுபோனீங்க... அவ்ளோதான்!" என்று அதட்டி, எடுத்துவைத்த கொதிதண்ணீரை ஒரு கையால் துளித் துளியாக ஊற்றினாள். உள்ளங்கை எரிந்தது. மூச்சு வாங்கியது. பேச்சு வரவில்லை. எங்கள் வீட்டில் நான் பத்து நிமிஷம் பேசாமல் இருந்ததை லில்லி கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்குத்தான் பார்த்தாளாம்.

"போதும் மாமா, நிறுத்துங்க." ரெஜினா தன் விரலை நனைத்து அழுத்திப் பார்த்தாள். விரலில் ஒட்டவில்லை. கிண்ணத்தை நனைத்து, உருட்டி, தட்டில் வைத்தாள். பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

முனிரத்னம் உருண்டையை நடுவில் பிட்டுப் பார்த்தார். இன்னொரு பக்கம் பிட்டார். இன்னும் ஒரு இடம். கட்டி தேடுகிறார் மனுஷன்! சட்னியில் தொட்டு விழுங்கினார். குழம்பில் தொட்டு விழுங்கினார். ஒரு உருண்டை முடிந்தது. தட்டை நீட்டினார். இன்னொன்று முடிந்தது.

"பாகுந்தி," என்றார். நன்றாக இருக்கிறதாம். ரெஜினாவைப் பார்த்துச் சொன்னார், கிண்டிய என்னை அல்ல. "இந்தக் கையையே கெலக வெச்சிட்டீங்களே! எங்க ஆளுங்க எவ்வளவோ பரவாயில்லம்மா. ரெண்டு பேர் குடுக்கறேன். நீங்க நின்னு சொல்லுங்க, அவங்க செய்யட்டும். புதன்கிழமைலேர்ந்து வர்றீங்களா?"

"வரேன் சார்."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் குண்டானைக் கழுவ உட்கார்ந்தாள். ஏற்கெனவே கழுவிய கரண்டியையும் எடுத்துக் கழுவினாள். லில்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றாள். நானும் புகை என்றே வைத்துக்கொண்டேன். எனக்கும் கொஞ்சம் புகை போயிருந்தது.

காரில் ஏறும்போதுதான் முனிரத்னத்துக்கு ஞாபகம் வந்தது. "சார், போர்டுல என்ன போடறது?"

பையில் கை விட்டேன். பை காலி. நாலு பக்கமும் குண்டானடியில் கிடந்தன. வாயால் சொல்லலாமென்று "அதாவது, கேழ் என்றால்..." என்று ஆரம்பித்தேன். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

நேற்று புதன்கிழமை. மனசு கேட்கவில்லை. பஸ் ஏறி வடமாலபேட்டைக்குப் போனேன். ஓட்டல் வாசலில் புத்தம் புது ஃப்ளெக்ஸ். மேலே தெலுங்கில் சங்கடி. அதற்குக் கீழே தமிழில் களி. அதற்கும் கீழே இங்கிலீஷில் ராகி பால் – குடிக்கிற பால் இல்லை, உருண்டை. முனிரத்னம் யாரையும் பகைத்துக்கொள்ளவில்லை. உள்ளே உட்கார இடமில்லை. சமையல்கட்டிலிருந்து, "நிறுத்தாதீங்க! ஒரே பக்கமா!" என்று கேட்டது. யாரோ இரண்டு பேர் மூச்சு வாங்கும் சத்தமும் கேட்டது. அவர்கள் மேல் எனக்குத் தனிப் பாசமே வந்துவிட்டது.

ஒரு டேபிளில் இடம் கிடைத்தது. எதிரில் ஒரு சென்னைக்காரர், மொட்டைத் தலையில் சந்தனம். மெனு கார்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், இந்தச் சங்கடி, களி, ராகி பால்... மூணுல எது சார் நல்லாருக்கும்?"

கேட்டுவிட்டார்! விடுவேனா? என் தட்டு வந்தது. ஓரமாகத் தள்ளிவைத்தேன். கேழ் என்றால் நிறம் என்று ஆரம்பித்தேன். களிமண்ணுக்கு வந்தேன். கன்னடம் போய், கென்யா போய், இத்தாலிக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தபோது தோளுக்குப் பின்னால் நிழல். ரெஜினா. புது ஏப்ரன். கையில் கோல். நாலு மாதமாகப் பார்க்காத முகம். என் தட்டைப் பார்த்தாள். உருண்டையின் மேல் ஏடு கட்டியிருந்தது.

"துன்னுங்க மாமா. ஆறிப்போச்சின்னா மூணு பாஷையிலயும் துன்ன முடியாது."